பல வீட்டு அரிசி

ஆண்டவர் செய்ததை எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. குறை சொல்லச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்வேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற தோலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே சுருக்கம், எங்கே கீறல் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குறை பார்க்கிற கண், வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுமா? "என் மேல எத்தனை ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கியோ, தெரியல" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்காக எங்கள் சபை முழுவதும் ஜெபித்தது. அவர் போய்விட்டார். அதனால் இதைக் கேட்கிற சகோதரிகள் அவசரப்பட்டு அல்லேலூயா சொல்லிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது அவர் பிழைத்த கதை இல்லை. அவர் போன பிறகு என் மகள் சாப்பிடாமல் போன கதை. ஒரு வாய்ச் சோற்றுக்காக நான் ஆண்டவரிடம் கையேந்தி நின்ற கதை.

முதலில் அரிசி டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குப் பெண்கள் ஐக்கியத்தார் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். பிடி அரிசி டப்பா. தினமும் சமைக்க அரிசி எடுக்கும்போது, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அன்றைய ஆகாரத்துக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அந்த டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் ஐக்கியத்து ரூத் அக்கா வீடு வீடாகப் பையோடு வந்து வாங்கிக்கொள்வார். எல்லா வீட்டு அரிசியும் கோயில் அறையில் ஒரே டிரம்மில் போய்ச் சேரும். கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு அதிலிருந்துதான் கொடுப்பார்கள்.

நானும் தவறாமல் போட்டேன். ஆனால் எப்படிப் போட்டேன்? ஒரு காதில் குக்கர் விசில், ஒரு காதில் கம்பெனி பஸ் ஹாரன். "ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்லும். மனசு, ரசத்துக்குத் தக்காளி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஷமீம் பாபி. பாபி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணி. எங்கள் இரண்டு சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு சின்னச் சந்துதான். நாங்கள் குடி வந்த புதிதில் ஒருநாள் ஜன்னல் வழியாகவே கேட்டார்.

"ஏன் சுகந்தி, டெய்லி நான் பாக்குறேன், அரிசிய அள்ற, மறுபடி அதுலேர்ந்து எடுத்து வேற டப்பால போட்ற. இன்னா அது?"

"சாமிக்கு, பாபி."

"ஓ, சாமிக்கா!" என்றார். அன்றிலிருந்து நான் அந்த டப்பாவைத் திறந்தால், சொல்லிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வார். நான் மூடி போட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். என்னைவிட அவருக்குத்தான் அந்த ஒரு நிமிடத்தின் மேல் மரியாதை ஜாஸ்தி.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். நாட்றம்பள்ளிப் பக்கம் போய் வேலைக்கு வருகிற பொண்ணுங்களை ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்ததுதான் என்று நினைத்தோம். மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார். ஒருநாள் காலையில் சட்டைப் பட்டனைப் போடத் தெரியாமல் நின்றார். "இது எங்க மாட்டணும் சுகந்தி?" என்று என்னைக் கேட்டார். வேலூருக்குக் கொண்டு போனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

மகள் அபியைப் பாபியிடம் விட்டேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. வீட்டுச் சாவியையும் பாபி கையிலேயே கொடுத்தேன். சபையில் அவருக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். அபியையும் ரூத் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவாராம். "சின்னப் புள்ள ஜெபத்த ஆண்டவர் தள்ளவே மாட்டார், நீ கேளும்மா" என்று எல்லாரும் அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்பில்தான் சொன்னார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். பல நாள் கண் திறக்கவில்லை. ஒருநாள் மதியம் திறந்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"பாப்பா சாப்ட்டாளா?"

அவர் எப்போதும் கேட்கிற கேள்விதான். டூட்டியில் இருந்து போன் பண்ணினாலும் அதுதான் முதலில் வரும். நான் வெளியே ஓடி வந்து பாபிக்குப் போன் போட்டேன். "இப்பதாம்மா. பால்ல தொட்டு ஒரு பன்னு சாப்ட்டுச்சு" என்றார். உள்ளே போய் அவர் காதில் சொன்னேன். "பாப்பா சாப்ட்டா. பன்னு சாப்ட்டாளாம்." தலையை லேசாக ஆட்டினார். பிழைத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆண்டவரே ஆண்டவரே என்று சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டார்.

அடக்கம் பண்ணும்போது அபி அழவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம், ஒண்ணும் தெரியாத வயசு" என்று உறவுக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் துக்கத்தில் நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு வீட்டில் நானும் அவளும் மட்டும். சமைக்கப் போனேன். மேடை மேல் அந்த டப்பா இருந்தது. அதற்குள் அந்த மாத அரிசியை ரூத் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார், காலியாகத்தான் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். எதற்கு ஸ்தோத்திரம்? யார் சாப்பிட ஸ்தோத்திரம்? இனிமேல் நீர் ஒன்றும் கேட்காதீர், நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டில் அபிதான் ஜெபிப்பாள். கீச்சுக் குரலில் நீட்டி முழக்கி, ரசத்துக்கும் அப்பளத்துக்கும்கூடத் தனித்தனியாக நன்றி சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அவளும் ஜெபிக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வேறு டிரைவர் ஓட்டிய பஸ். நான் வெளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அபி இளைத்துக்கொண்டே போனாள். அப்பா ஏக்கம், சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். காலையில் பால் வைத்துவிட்டுப் போவேன், டம்ளர் காலியாக இருக்கும். டிபன் பாக்ஸும் காலியாகத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாபி கூப்பிடுவார். "ஊட்லயே சாப்ட்டேன் பாபிம்மா" என்பாள். நான் வந்து கேட்டால் "பாபிம்மா குடுத்தாங்க" என்பாள். ராத்திரி இரண்டு வாய் கொறிப்பாள், அவ்வளவுதான். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற செக்கர் நான். என் பிள்ளை பாலைத் தொட்டியில் ஊற்றியதும், டிபனைத் தோழிகளுக்குக் கொடுத்ததும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். கம்பெனிக்குப் போன் வந்தது. ஓடினேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். "உடம்புல நோய் எதுவும் இல்லம்மா. சாப்பிடறதே இல்ல. அதான் பிரச்சனை" என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்து மடியில் போட்டு ஊட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன். திட்டினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அடித்துக்கூட விட்டேன். அடி வாங்கிக்கொண்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அதற்கப்புறம் ராத்திரி இரண்டு வாயும் நின்று போனது. கையில் அள்ளினால் கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தாள்.

மறுபடியும் டிரிப்ஸ். இந்த முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள வாயால சாப்டலன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியதுதான்."

மூக்கு வழியாக. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் மூக்கிலிருந்த குழாய்தான் ஞாபகம் வந்தது. வராந்தாவில் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கேதான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அழகான ஜெபம் இல்லை அது. சண்டை.

"உம்மோட பேச மாட்டேன்னு சொன்னேன். பேசறேன். அவர எடுத்துக்கிட்டீர். நான் கேட்டது எதையும் நீர் தரல. வீடு கேக்கல, வாசல் கேக்கல. ஒரு வாய். எம் புள்ள ஒரே ஒரு வாய் சோறு சாப்பிடணும். அது போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அதுதான் என் ஜெபம். பதில் ஒன்றும் வரவில்லை. அபியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். தெருவில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள், எங்கள் வீட்டில் கட்டவில்லை. ரூத் அக்கா வந்தார். கையில் ஒரு அரிசிப் பை. வாசலிலேயே தயங்கி நின்றார்.

"சுகந்தி, தப்பா நெனைக்காதம்மா. பண்டிகைக்கு விதவைங்க வீட்டுக்கெல்லாம் குடுக்கறோம்."

விதவைங்க. அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராக யாரும் அதுவரை சொன்னதில்லை. சுரீர் என்றது.

"நான் சம்பாதிக்கிறேங்க்கா. எங்களுக்கு எதுக்கு இது? இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றேன்.

"சம்பாதிக்கலன்னு யாரும்மா சொன்னா? உனுக்காக ஜெபிக்கிறவங்க கையால போட்டது. வெச்சுக்கோ." பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, அபியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

கோபத்தில் பையை எடுத்து முறத்தில் கொட்டினேன். எனக்கு என்ன வரும்? குறை பார்க்கத்தான் வரும். தரையில் உட்கார்ந்து கல்லும் நெல்லும் பொறுக்க ஆரம்பித்தேன். சரியான கலப்பட அரிசி அது. ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி, குருணை, எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. இதை எப்படிப் பொங்குவது? ஒன்று குழையும், ஒன்று வேகாது. முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கினேன். சுவரில் சாய்ந்து படுத்திருந்த அபி மெல்ல நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலால் அரிசியைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏம்மா ஒண்ணு குண்டா இருக்கு, ஒண்ணு ஒல்லியா இருக்கு?"

"பல வீட்டு அரிசி. அப்படித்தான் இருக்கும்."

"எந்த வீடு?"

அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டே பல நாள் ஆகியிருந்தது. அதனால் பொறுமையாகச் சொன்னேன். "இந்தக் குண்டு அரிசி ரேஷன். கோயில் பெருக்கற லில்லிக்கா வீட்டுதா இருக்கும். இது பொன்னி, உங்க சண்டே ஸ்கூல் டீச்சர் வீட்ல இதான் பொங்குவாங்க. இந்தப் பச்சரிசி ரூத் ஆன்ட்டி வீடு."

"இது?" என்று ஒரு அரிசியைத் தனியாக எடுத்துக் காட்டினாள். சீரகம் மாதிரி குட்டியாக இருந்தது. சீரகச் சம்பா. பிரியாணி அரிசி. அதைப் போய் யாராவது பிடி அரிசியில் போடுவார்களா? விலை என்ன, வாசனை என்ன! "தெரியலடா" என்றேன்.

அதைச் சுவரோரம் தனியாக வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"எல்லாரும் அவங்க சாப்பாட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டாங்களா? அப்போ அவங்களும் உபவாசமாம்மா?"

"அவங்களுமா? வேற யாரு உபவாசம்?"

"நான்தான்" என்றாள்.

என் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"எதுக்குடா?"

"அப்பாக்கு." உனக்குத் தெரியாதா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். "உபவாசம் இருந்து கேட்டா இயேசப்பா தருவார்னு கோயில்ல சொன்னாங்கல்ல. நான் பகல்ல ஒண்ணும் சாப்டாம ஒழுங்காத்தாம்மா இருந்தேன். ஒருநாள் மட்டும் ரொம்பப் பசிச்சுது. பாபிம்மா பன்னு குடுத்தாங்க. சாப்ட்டேன். அன்னிக்குத்தான் அப்பா செத்துட்டார்."

சகோதரிகளே, ஒரு தாயின் காதில் இது விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இப்போ தப்பு பண்ணாம இருக்கேன். ராத்திரியும் சாப்டறதில்ல. எல்லாரும் ஒருநாள் எழுந்திருப்பாங்கன்னு கல்லறைல சபை ஐயர் சொன்னார்ல? நான் ஒழுங்கா இருந்தா அப்பா சீக்கிரம் எழுந்துப்பார்" என்றாள்.

முறத்தைத் தள்ளிவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அய்யோ என் தங்கமே, இந்த மலையை இந்தப் பிஞ்சு நெஞ்சில் வைத்துக்கொண்டா தனியாகச் சுமந்தாய்! அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவர்தான் அந்த ஆஸ்பத்திரி மதியத்தை என் கண் முன்னால் கொண்டு வந்தார். அது வேறு யாராலும் வந்திருக்க முடியாது.

"அபி, அம்மா சொல்றதக் கேளு. அன்னிக்கு மத்தியானம் அப்பா கண்ணு முழிச்சார். என்ன கேட்டார் தெரியுமா? 'பாப்பா சாப்ட்டாளா'ன்னு கேட்டார். அது ஒண்ணுதான் கேட்டார். நான் பாபிம்மாக்குப் போன் பண்ணேன். நீ பன்னு சாப்ட்டன்னு சொன்னாங்க. ஓடிப் போய் அப்பா காதுல சொன்னேன். அப்பா தலையாட்டினார். நீ சாப்டாம இருந்திருந்தா நான் அப்பாகிட்ட இன்னா சொல்லியிருப்பேன்? பொய் சொல்லியிருக்கணும். இல்ல, சாப்டலன்னு சொல்லி அனுப்பியிருக்கணும். நீ பன்னு சாப்ட்டதாலதான் உங்கப்பா நிம்மதியாப் போனார்."

என் முகத்தையே பார்த்தாள். குறை தேடுகிற பார்வை. என் மகளாயிற்றே.

"நிஜமா? அப்பா கேட்டாரா?"

"நிஜமா. அப்பா இனிமே வர மாட்டார், கண்ணு. நீ எவ்வளவு பட்டினி இருந்தாலும் வர மாட்டார். ஒருநாள் நாம அவரப் பாப்போம். அது எப்போன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். அன்னிக்கும் அப்பா முதல்ல இதத்தான் கேப்பார்."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தில் அழாத அழுகை. என் புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட அழுதாள். நானும் அழுதேன். சத்தம் கேட்டு எதிர் ஜன்னல் திறந்ததும் எனக்குத் தெரிந்தது. பாபி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அழுது ஓய்ந்த பிறகு அந்த அரிசியைத்தான் களைந்து போட்டேன். நான் நினைத்த மாதிரியே ஒன்று குழைந்தது, ஒன்று விறைத்தது. தக்காளி ரசம் வைத்தேன். பிசைந்து உருண்டை பிடித்தேன். அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

"இது லில்லிக்கா வீடு" என்றேன்.

வாயைத் திறந்தாள்.

ஆண்டவரே. ஒரு வாய் கேட்டேன். அது உள்ளே போனது. மென்றாள். விழுங்கினாள். எனக்கு அடுத்த உருண்டை பிடிக்கக் கண் தெரியவில்லை.

"இது?" என்றாள் அவளே.

"டீச்சர் வீடு." இன்னொரு வாய். "இது ரூத் ஆன்ட்டி." இன்னொரு வாய். வயிறு சுருங்கியிருந்தது, அதற்கு மேல் தாங்கவில்லை. போதும் என்றாள். போதும், எனக்கும் போதும்.

அவள் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பின் கதவில் பாபி வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். அபியைப் பார்த்தார். முக்காட்டு நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சாப்ட்டுச்சா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

"சாப்ட்டா பாபி."

அபி எழுந்து போய், தனியாக எடுத்து வைத்திருந்த அந்தக் குட்டி அரிசியைக் கையில் வைத்துக் காட்டினாள். "பாபிம்மா, இது யாரு வீட்டு அரிசின்னு அம்மாக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

பாபியின் முகம் மாறிப்போனது. திருடி மாட்டிக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"தப்புன்னா சொல்லிடு சுகந்தி. நான்தான் போட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"உன் டப்பாலதான். நீ வேலூர்ல இருந்தப்போ. சாவி எங்கிட்டதான இருந்துச்சு. டெய்லி காலைல நீ போடுவ, ஒருநாளும் நிறுத்துனதில்ல. இப்போ அண்ணன் உசுருக்குப் போராடுற நேரத்துல நின்னுபோச்சுன்னா உங்க சாமி இன்னா நெனைப்பாரோன்னு எனுக்கு பேஜாராயிடுச்சு. சாமிக்குப் போடறது நல்ல அரிசியா இருக்கணும்ல? பிரியாணிக்கு வெச்சிருந்தத எடுத்தாந்து போட்டேன். உங்க ஜெபம் எனுக்கு இன்னா தெரியும்? 'அந்தப் பொண்ணு ஊட்ல இல்ல. அவளுக்குப் பதிலா நான் போடறேன், வாங்கிக்கோ'ன்னு சொல்லிட்டுப் போட்டேன். அப்புறம் அண்ணனே போயிட்டார். நீயும் டப்பாவக் கவுத்து வெச்சிட்ட. என் கை ராசிதான் சரியில்லையோன்னு உங்கிட்ட சொல்லவே பயம்."

பாருங்கள். என் மகள் பன்னு சாப்பிட்டதால் அப்பா போனார் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தாள். சந்துக்கு அந்தப் பக்கம் இந்த அம்மா தன் கைதான் காரணமோ என்று வெந்துகொண்டிருந்தார். நான் ஒருத்தி, ஆண்டவர்தான் காரணம் என்று அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன்.

வேலூரில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தா, தா, தா என்றுதான் என் ஜெபம் இருந்தது. ஒருநாளாவது நன்றி என்று என் வாயில் வரவில்லை, எப்படி வரும்? ஆனால் அந்த நாட்களிலும் என் வீட்டில், என் டப்பாவில், எனக்குப் பதிலாக ஒரு கை நன்றி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது கோயில் டிரம்முக்குப் போய், லில்லிக்கா அரிசியோடும் டீச்சர் அரிசியோடும் கலந்து, என் பிள்ளை சாப்பிட வேண்டிய நாளில் என் முறத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் செக்கிங்கில் இருக்கிறவள். இதில் ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பாபியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சீ, விடு, விடு" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார். அபிதான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ இன்னும் ஒரு வாய் பாக்கி. பாபிம்மா வீடு" என்றாள். அதை நான் ஊட்டவில்லை. பாபி தன் கையாலேயே ஊட்டினார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். குழாய் போடவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உடம்பு தேறப் பல மாதம் பிடித்தது. இன்றும் சில நாள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே என்ன ஓடுகிறதோ என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ரூத் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்துபோய் அழுதார். இப்போது உபவாச ஜெபத்துக்குப் பிள்ளைகள் வந்தால், முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

என் துக்கம் போகவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் இன்னும் அவர்தான் என்று திரும்புகிறேன். அவர் சட்டை ஆணியில் அப்படியே தொங்குகிறது. ஏன் எடுத்தீர் என்று ஆண்டவரைக் கேட்பதையும் நான் விடவில்லை. கேட்கத்தான் கேட்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பதில்லை.

டப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு பிடி. இப்போது அந்தப் பிடியை அபிதான் போடுகிறாள். சும்மா ஸ்தோத்திரம் என்று சொல்லி முடிப்பதில்லை, பெயர் சொல்ல வேண்டும் அவளுக்கு. ஒருநாள் லில்லிக்காவுக்காக நன்றி. ஒருநாள் பன்னு போட்ட பேக்கரிக்காரருக்காக நன்றி. ஒருநாள் ஏழு வருஷம் அப்பா இருந்ததுக்காக நன்றி என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிர் ஜன்னலில் பாபி பேச்சை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் போல உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் யாராவது இங்கே இருப்பீர்கள். டப்பாவைக் கவிழ்த்து வைத்தவர்கள். உங்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லையா? சொல்ல வேண்டாம். கையை மட்டும் அரிசியில் வையுங்கள். ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். அதுவும் முடியவில்லையென்றால், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஆண்டவர் யார் கையால் உங்கள் வீட்டுக்குள் வருவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்பி இருங்கள். அழுதுகொண்டே நம்பினாலும் நம்பிக்கைதான்.

தினமும் ராத்திரி அபி சாப்பிட்டுக் கை கழுவப் போனதும், நான் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆணியில் தொங்குகிற சட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பேன். பெரிய ஜெபம் ஒன்றும் எனக்கு வராது. அவருக்கும் சேர்த்து, ஆண்டவருக்கும் சேர்த்து, இதை மட்டும் சொல்வேன்.

"இன்னாங்க, பாப்பா சாப்ட்டா."